மேட்டில் தட்டிய படகு

பெரிய படகு ஒன்றரை மணிக்குக் கிளம்பிவிடும். அதில் கூடவே போய், கிழிகிற காற்றுப்பாய்களைத் தைக்கும் வேலை தங்கைக்குக் கிடைத்திருந்தது. "போறதுக்கு முன்னாடி நம்ம படகுல ஒரு சுத்து வா. அரை மணி நேரந்தான்" என்று அண்ணன் கூப்பிட்டபோது அவளுக்குத் தட்ட மனம் வரவில்லை.

பன்னிரண்டு மணிக்குக் கடல் ஏறி விரிகுடா தளும்ப நின்றது. பன்னிரண்டரைக்கு, வடக்கே நீருக்கடியில் இருந்த மேட்டின் மேல், அண்ணன் ஓட்டிவந்த படகின் அடிக்கட்டை சேற்றில் மெத்தென்று இடித்தது. அவ்வளவுதான், படகு நின்றுவிட்டது.

நீர் ஏறும்போது தட்டினால் கால் மணியில் மிதந்துவிடலாம். வடியும்போது தட்டினால் அடுத்த ஏற்றம் வரை அங்கேயே குடித்தனம்தான். நீரோ வடியத் தொடங்கியிருந்தது. சுற்றிலும் முழங்காலளவு தண்ணீர், அதன் கீழே இடுப்பளவு சேறு. நீந்தவும் முடியாது, நடக்கவும் முடியாது.

அவள் பாய்ந்து போய் வலப்பக்க விளிம்பில் தொங்கினாள். "இந்தப் பக்கம் வாண்ணா! சாஞ்சா அடிக்கட்டை கிளம்பிடும். சீக்கிரம்!"

அண்ணன் எழுந்தான். ஆற அமர நடந்து வந்து, படகின் நட்டநடுவில் சப்பணமிட்டு உட்கார்ந்தான்.

இருபது வருஷம் படகு ஓட்டினவன். நடுவில் உட்கார்ந்தால் படகு நிமிர்ந்தே நிற்கும், அடிக்கட்டை இன்னும் இறங்கும் என்று அவனுக்குத் தெரியாதா? அவள் விளிம்பை விட்டு அவன் பக்கம் திரும்பினாள்.

"வேணும்னே செஞ்சியா?"

"நீ போயிட்டா நம்ம பாய்க் கடையில யாரு தைப்பா? எனக்கு ஊசி கோக்கக்கூட வராது."

"அதுக்கு?"

"அதுக்குத்தான். என்னமோ உன்னைக் கட்டிப்போட்ட மாதிரி முறைக்கிற."

"கட்டியிருந்தா அவுத்துக்கிட்டுப் போயிருப்பேனே!"

அவள் பெரிய படகின் கேப்டனுக்குப் போன் போட்டாள். "தண்ணி இறங்குதும்மா. நின்னா நாங்களும் உங்களை மாதிரிதான் உட்காரணும். ரப்பர் படகை அனுப்பலாம்னா, அதையும் காத்துப் பிடுங்கி மடிச்சாச்சு. ரெண்டு பேரு வேலை கேட்டு நிக்கிறாங்க, ஒருத்தரை ஏத்திக்கிறேன். மனசுல வச்சுக்காதே."

சொன்ன நேரத்துக்குப் பெரிய படகு மேட்டுக்கு அப்பால் இருந்த ஆழமான நீர்வழியில் வந்தது. கூப்பிட்டால் கேட்கிற தூரம். அவள் தொண்டை கிழியக் கத்தினாள். மேல்தளத்தில் யாரோ ஒரு பெண் பாயை மடித்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாள். அண்ணன் கையைத் தூக்கி ஆட்டினான். அங்கிருந்து பார்ப்பவர்களுக்கு, குடும்பமே திரண்டு வழியனுப்ப வந்ததாகத்தான் தோன்றியிருக்கும்.

"எத்தனை நேரம் எங்கூடப் பேசாம இருக்கப் போற?"

தண்ணீர் வற்ற வற்ற, படகு தானாகவே ஒரு பக்கம் சரியத் தொடங்கியது. அது அவளைக் கொஞ்சம் கொஞ்சமாக அண்ணன் மேல் சறுக்கித் தள்ளியது. காலை உதைத்து மேலேறி, உயர்ந்த விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். கை வலித்தது. படகு மிதக்க இன்னும் பத்து மணி நேரம் இருந்தது.