அடைத்த மதகின் அடியில்

காலை ஏழு மணிக்கே வேதகிரிக்கு உடம்பெல்லாம் குப்பென்று வேர்த்தது. ஏரிக்கரையில் நல்ல காற்றுதான். ஆனாலும் வயிற்றிலிருந்து ஒரு சூடு கிளம்பிக் கழுத்துவரை ஏறியது. கண்ணை மூடினால் தோலுக்கடியில் வாய்க்கால்கள் வளைந்து வளைந்து போயின. எல்லாம் வறண்ட வாய்க்கால்கள். அவற்றின் தலைமாட்டில் ஒரு மதகு, யாரோ அழுத்தி மூடியது. மூன்று மாதத்துக்கு முன் இடுப்பில் போட்ட ஊசியின் வேலை அது.

காவாந்தண்டலம் ஏரிக்கு அவர்தான் நீர்க்கட்டி. மதகைத் திறந்து வயலுக்கு வயல் தண்ணீர் விடுகிறவர். அதனால் டாக்டரம்மாவும் அவர் பாஷையிலேயே சொன்னார். ஆண் ஹார்மோன்தான் தண்ணீர். புராஸ்டேட் செல்லுக்குள் இருக்கும் ஒரு புரதம் அதைப் பிடித்துக்கொண்டால்தான் அவருடைய புற்றுநோய் வளரும். ஊசி மதகை அடைத்துவிடும். வேதகிரிக்குச் சட்டென்று புரிந்தது. கொஞ்சம் அதிகமாகவே புரிந்துவிட்டது. கதிர் முற்றியதும் மதகை அடைத்தால் அந்தப் போகத்துக்கு வேலை முடிந்தது. இடுப்பு வலியும்தான் நின்றுவிட்டதே. இரண்டாவது ஊசிக்கு நேற்று தேதி. அவர் போகவில்லை.

எட்டு மணி ஆகப்போகும்போது அவர் மனைவி சிட்டம்மாள் தேடிக்கொண்டு வந்தாள்.

"இன்னாய்யா, இங்க வந்து குந்திக்கினு கீற? எட்டு மணி பஸ்ஸ வுட்டா இன்னிக்கும் ஊசி கெடையாது."

"அடச்ச மதக எத்தினி வாட்டி சிட்டு அடைக்கிறது? உள்ள நெருப்பா எரியுது. மாரு வேற பொம்பள மாரி வீங்கி வலிக்குது. இருக்கிற வரைக்கும் ஆம்பளையா இருந்துட்டுப் போறேன்."

அவளுக்கு அழுகை முட்டியது. முப்பத்தேழு வருஷம் கூட வாழ்ந்த மனுஷன். மூஞ்சியைத் திருப்பிக்கொண்டு கரைக்குக் கீழே பார்த்தாள். மாசியில் அடைத்த மதகு. வயலெல்லாம் வெடித்துக் கிடந்தது. மதகின் அடியில் மட்டும் முழங்கால் உயரத்துக்குக் கோரை, பச்சைப்பசேலென்று.

"அதுக்கு யாரு தண்ணி வுட்டாங்க?"

"பலகை காஞ்சி சுருங்கிப்பூடும். கசியும். அப்பப்போ களிமண்ணு வெச்சி..."

பாதியில் நிறுத்திவிட்டார். ஒவ்வொரு வருஷமும் தன் கையாலேயே அடைக்கிற கசிவு.

"நீ இன்னாவா வோணா இரு," என்றாள் சிட்டம்மாள். "எனக்கு நீ இருந்தாப் போதும்."

அவர் கரையிலிருந்து இறங்கினார். ஒரு கோரையைப் பிடித்து இழுத்தார். வெள்ளை வேர் ஈரம் சொட்டச் சொட்ட நீண்டுகொண்டே வந்தது. மறுபடி சூடு ஏறியது. அந்தக் குளிர்ந்த வேரைக் கழுத்தில் ஒற்றிக்கொண்டு கண்ணை மூடினார். உள்ளே எங்கோ ஒரு துளி கசிந்து இறங்கும் சத்தம் கேட்டது. ரோட்டு வளைவில் பஸ் ஹாரன் அடித்தது. கரைமேல் சிட்டம்மாள் கையை நீட்டிக்கொண்டு நின்றாள்.