வெளியாட்களுக்கு ஒரு பங்கு

எங்கள் வீட்டில் கேட்டவருக்கு இல்லையென்று சொல்லிப் பழக்கமில்லை. இணைய இணைப்பு வந்த அன்றே பக்கத்து வீட்டுத் தையல்காரர் மதில்மேல் தலையை நீட்டி, “அண்ணே, அந்த பாஸ்வேர்ட்...” என்று இழுத்தார். சொன்னேன். மாடியில் குடியிருப்பவர்கள் கேட்டார்கள், அவர்களுக்கும் சொன்னேன். தண்ணீர் கேன் போட வருபவர் கேட்காமலே சொன்னேன். பாஸ்வேர்ட் என் தகப்பனார் பெயர். நாலு பேர் வாயில் அது புழங்குவது எனக்குப் பெருமையாகவே இருந்தது.

அதில் அடி வாங்கியது மருமகள். மொழி தெரியாத நோயாளி சொல்வதை மருத்துவருக்கும், மருத்துவர் சொல்வதை நோயாளிக்கும் வீட்டிலிருந்தே கணினி வழியாக மாற்றிச் சொல்வது அவள் வேலை. போன வாரம் இரண்டு முறை பாதிப் பேச்சில் இணைப்பு அறுந்தது. இன்னொரு முறை அறுந்தால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறோம் என்று அலுவலகத்திலிருந்து கறாராகச் சொல்லிவிட்டார்கள்.

மகன் குதித்தான். “அப்பா, நீ ஊருக்கெல்லாம் வாரி விட்டா இவ என்ன பண்ணுவா? பாஸ்வேர்டை மாத்து.”

“மாத்திட்டு நான் எந்த மூஞ்சியோட தெருவுல நடக்கிறது? கொடுத்ததைப் பிடுங்குற குடும்பமா இது?” என்றேன்.

“குடும்ப மானம் இப்ப வைஃபைலயா தொங்குது?” சமையலறையிலிருந்து என் மனைவியின் குரல்.

மருமகள் குரலை உயர்த்தவில்லை. தன் போனைப் பார்த்துவிட்டு, “நம்ம வீட்டுக்காரங்க போன் நாலு. ஒட்டிக்கிட்டிருக்கிறது இருபத்தாறு,” என்று சிரித்தாள். “மாமா கொடுத்தது கொடுத்ததாவே இருக்கட்டும். எனக்கு ஒரு சாயங்காலம் போதும்.”

செருப்பு அலமாரிக்குப் பின்னால் கிடந்த ரூட்டரை எடுத்துத் துடைத்து, கூடத்தின் நடுச்சுவரில் உயரமாக மாட்டினாள். அதிலிருந்து தன் அறைக்கு ஒரு கேபிள் இழுத்தாள். கதவுச் சட்டத்தை ஒட்டி, மூலையில் மடங்காமல் வளைத்து, கிளிப் வைத்து அடித்தாள். ஏணியைப் பிடித்திருந்த மகன், “கோணலா போகுது” என்றான்.

“உங்க கண்ணுதான் கோணல்.”

நான் தள்ளி நின்று பார்த்தேன். நூல் பிடித்தாற்போல் இருந்தது.

பிறகு கணினி முன் உட்கார்ந்து ஒரே இணைப்பை இரண்டாகப் பிரித்தாள். பழைய பெயரும் பழைய பாஸ்வேர்டும் வெளியாட்களுக்கு. அவர்கள் எதையும் மாற்ற வேண்டாம், ஆனால் ஓர் அளவுக்கு மேல் இழுக்க முடியாது. வீட்டாருக்குப் புதிதாக ஒன்று.

“அதோட பாஸ்வேர்ட் என்னம்மா?”

“உங்களுக்குச் சொல்லமாட்டேன் மாமா. யாராவது கேட்டா இல்லைன்னு சொல்ல உங்களுக்கு வாய் வராது. தெரியாதுன்னா பொய்யும் இல்ல பாருங்க.”

இத்தனை வருடம் இந்த வீட்டின் பெயரைக் கட்டிக் காத்த எனக்கு இப்படி ஒரு வழி தோன்றியதில்லை. என் வாக்கும் கெடவில்லை, அவள் வேலைக்கும் வழி பிறந்தது.

“உங்க போனைக் கொடுங்க, நானே புதுசுல போட்டுடறேன்.”

“வேண்டாம். அடுத்தவங்களுக்குக் கொடுத்த பங்கே எனக்கும் போதும்.”

“பிடிவாதம்!” என்றாள் மனைவி.

மறுநாள் மாலை, தெருவே போனும் கையுமாக இருக்கும் நேரத்தில், மருமகளுக்கு அழைப்பு வந்தது. மகன் கூடத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்தான். நான் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன். என் போனில் செய்தி வீடியோ ஓடாமல் சுற்றிக்கொண்டே நின்றது.

மதிலுக்கு அப்பாலிருந்து தையல்காரர், “அண்ணே, நெட்டு கொஞ்சம் நொண்டுதே?” என்றார்.

“எனக்கும் அப்படித்தான்,” என்றேன்.

உள்ளே அவள் குரல் மட்டும் ஓரிடத்திலும் தடைபடவில்லை. யாரோ ஒரு பெரியவரின் நெஞ்சுவலி எந்தப் பக்கம், மூச்சு எப்போது வாங்குகிறது, எந்த மாத்திரையை நிறுத்த வேண்டும், எல்லாம் ஒரு மொழியிலிருந்து இன்னொன்றுக்குப் போய்க்கொண்டே இருந்தன. வெகு நேரம் கழித்து ஹெட்போனைக் கழுத்தில் தொங்கவிட்டபடி வெளியே வந்தாள்.

“அந்தப் பெரியவருக்கு இனிமேலும் என்னையே போடச் சொல்லிட்டாராம் டாக்டர்.”

“போடாம?” என்றேன். “யார் வீட்டு மருமக!”