பன்னிரண்டு மணிக்குக் கப்பல்

அம்பத்தூரில் அந்தத் தெருவிலேயே எண்ணெய்க் கப்பல் பாஷை தெரிந்தவன் ராமன் ஒருத்தன்தான். பாரிமுனையில் ஒரு கப்பல் ஏஜெண்டு ஆபீசில் டைப்பிஸ்டு. துறைமுகத்துக்குள் கால் வைத்ததில்லை. ஆனால் கப்பலை வாடகைக்கு எடுக்கிற ஒப்பந்தங்களை எட்டு வருஷமாக அடித்துத் தள்ளியவன். தவலையில் தண்ணீர் குறைந்தால், "பேபி, அலேஜ் அரை முழம்" என்பான். கப்பலின் எண்ணெய்த் தொட்டியில் எண்ணெய்க்கு மேலே விட்டிருக்கும் காலி இடத்துக்கு அப்படிப் பேர்.

"கொடத்த தூக்கினு போயி ரொப்பினு வா. அப்பறமா அலேஜ் பேசு" என்பாள் பெண்டாட்டி.

பேபியின் அண்ணன் வேம்புலிக்கு டாங்கர் கப்பலில் பம்ப்மேன் வேலை வாங்கிக் கொடுத்தவனும் ராமன்தான். ஆகவே, அந்த ஐப்பசியில் மாமனார் செங்கல்வராயன் விடியற்காலையில் கண்ணை மூடியதும், எல்லோரும் ராமன் முகத்தைத்தான் பார்த்தார்கள். கொள்ளி வைக்க வேண்டியவன் வேம்புலி. ஒரே பிள்ளை. அவன் கப்பல் கச்சா எண்ணெயோடு சென்னைக்கு வந்துகொண்டிருந்தது.

எட்டு மணிக்குத் தொழிற்பேட்டை கேட்டிலிருந்து ஆபீசுக்குப் போன் போட்டான். லாஞ்ச் என்கிற சின்ன மோட்டார் படகில் கப்பல்களுக்குப் போய்வரும் அன்வர் பாஷா எடுத்தார்.

"வந்துட்டுது ராமா. வெளிக்கடல்ல நங்கூரம் போட்டுகினு கீது. சரக்கு எறக்க ரெடின்னு ஆறு மணிக்கே நோட்டீஸ் குடுத்துட்டாங்கோ."

"ஆறுக்கு நோட்டீஸ்னா, ஆறு மணி நேரம் கழிச்சு லேடைம் ஸ்டார்ட் பாய். பன்னெண்டு!"

"நீ பேப்பர் அடிக்கிறவன், ஒனக்குத்தான் தெரியும். ஒம்பது மணிக்கு லாஞ்ச் போவுது. கேப்டன் கையில கால்ல உயுந்து மச்சான இட்டாந்துடவா?"

ராமன் ஒரு நிமிஷம் யோசித்தான். பம்ப்மேன் இல்லாமல் எண்ணெயை எப்படி இறக்குவார்கள்? கேப்டன் எரிந்து விழுந்தால் மச்சான் வேலைக்கே உலை.

"வேணாம் பாய். கப்பலே வருதே."

வீட்டுக்கு வந்து கையைத் தட்டிச் சொன்னான்: "பன்னெண்டுக்குக் கப்பல் கரைக்கு வருது. மூணு மணிக்கெல்லாம் வேம்புலி இங்க நிப்பான். ஐஸ் வாங்கிப் போடுங்க."

"மெய்யாவா மாப்ளே?" என்றாள் மாமியார் பொன்னியம்மா.

"ஒப்பந்தத்துல போட்டுருக்குது அத்தை."

ஐஸ் பாளம் வந்தது, மரத்தூளோடு. பன்னிரண்டானது. மூன்றானது. மழை பிடித்துக்கொண்டது. இறந்தவரின் தம்பி சின்னசாமி வாசலில் நின்று, "இன்னா மாப்ளே, கப்பல் ரெட்டில்ஸ் ஏரி வழியா சுத்திகினு வருதா?" என்றார். ஒருவரும் சிரிக்கவில்லை.

ராமன் மறுபடி போனுக்கு ஓடினான். இப்போது மேனேஜர் எடுத்தார்.

"லேடைம் ஆரம்பிச்சுடுத்துன்னா கப்பல் உள்ள வந்துடுத்துன்னு யாருய்யா சொன்னா? அது சரக்கு எறக்கக் குடுத்த நேரத்தோட கடிகாரக் கணக்குய்யா. எடம் கெடைக்காம நடுக்கடல்ல நின்னாலும் நேரம் ஓடும். எண்ணெய்த் துறையில வேற கப்பல் நிக்கறது. உள்ள வர மூணு நாளாகும். எத்தன வருஷமா அடிக்கறே, இது தெரியாதா?"

"சார், லாஞ்ச்..."

"புயல் கொடி ஏத்தியாச்சு. காலையில போன லாஞ்சோட சரி."

ராமன் போனை வைத்தான். எட்டு வருஷம் அவன் விரல்கள் லேடைம் என்ற அந்த வார்த்தையை அடித்திருக்கின்றன. அது ஒரு கப்பலையும் ஓர் அங்குலம்கூட நகர்த்தாது என்று அவனுக்குத் தெரிந்திருக்கவில்லை.

வீட்டில் அவன் வாயைத் திறக்குமுன் பேபிக்குப் புரிந்துவிட்டது. "லாஞ்ச்ல இட்டாறேன்னு யாரும் சொல்லலியா?"

"சொன்னாங்க. நான்தான் வேணாம்னேன்."

அவள் கத்துவாள் என்று நின்றான். அவள் அப்பாவின் காலடிக்குப் போய் உட்கார்ந்துகொண்டாள். பாளம் கரைந்து தரையெல்லாம் தண்ணீர். சின்னசாமி வேட்டியை வரிந்து கட்டினார். "இனிமே தாங்காது அண்ணி. நானே வெச்சிடறேன்."

பொன்னியம்மா தலையசைத்தாள். மழையோடு மழையாக எடுத்துப் போனார்கள். ஈர விறகு பற்றிக்கொள்ள மண்ணெண்ணெய் ஊற்ற வேண்டியிருந்தது.

குளித்துவிட்டு வந்த ராமனைப் பொன்னியம்மா கூப்பிட்டாள். "மாப்ளே, கப்பலுக்குத் தந்தி குடுக்கலாமாமே?"

"குடுக்கலாம் அத்தை."

"நாம காத்துகினு கெடந்தோம்னு எழுதிடாத. காலையிலயே எடுத்துட்டோம்னு எழுது. கரையப் பாத்துகினே நிப்பான், தவிச்சிப் பூடுவான் புள்ள."

காலை எட்டு மணிக்கே, அதே போனில், அன்வர் பாஷாவிடம் சொல்லிக் கப்பலுக்கு ராமன் தந்தி அடிக்கவைத்திருந்தான்: அப்பா காலமானார், நீ வந்துதான் எடுப்போம்.

"சரி அத்தை" என்றான்.