ஒர்வியெத்தோவில் இறங்கியவர்

நிவெஸும் நானும் இருபத்தாறு வருடம் ஒரே மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து மூக்குக்கண்ணாடி பிரேம்களுக்குத் திருகாணி பூட்டியவர்கள். அவ்வளவு காலம் ஒருத்தி முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தால் அவள் வீட்டு விஷயமெல்லாம் தெரிந்திருக்கும் என்று நினைப்போம். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். அவள் கணவர் ஒரெஸ்தே சுவிட்சர்லாந்தில் சுரங்கப்பாதை தோண்டுகிறார், ஆகஸ்டிலும் கிறிஸ்துமஸுக்கும் வருவார். வட இத்தாலியில் எங்கள் மலைப்பக்கத்தில் பாதி வீட்டு ஆண்கள் அப்படித்தான். அதனால் கேட்பதற்கு ஒன்றும் இருக்கவில்லை.

ஒரெஸ்தே ஓய்வு பெற்று நிரந்தரமாக ஊருக்கு வந்தபோது அறுபத்தாறு வயது. தன் வீட்டிலேயே விருந்தாளி மாதிரி இருந்தார் என்று நிவெஸ் சொன்னாள். அலமாரியைத் திறக்கும் முன், "இந்தக் கத்தரிக்கோலை எடுத்துக்கட்டுமா?" என்று கேட்பாராம். சுரங்க வேலைப் பழக்கத்தில் விடியற்காலை நாலு மணிக்கே எழுந்து, அவளை எழுப்பிவிடக் கூடாதே என்று விளக்குப் போடாமல் சமையலறையில் உட்கார்ந்திருப்பார். அவளும் மேலே விழித்துத்தான் கிடப்பாள். ஆறு மணிக்கு அவருக்கு ராத்திரிச் சாப்பாடு வேண்டும். அவள் எட்டரைக்குச் சாப்பிட்டே பழகியவள். சண்டை என்று ஒன்றும் இல்லை. சண்டை போடும் அளவுக்கு அவர்களுக்குள் பழக்கம் இல்லை என்பதுதான் உண்மை.

மகள் மாரா பாதோவாவில் பல் மருத்துவரிடம் வேலை பார்க்கிறாள். கல்யாணமாகி நாற்பது வருடம் ஆனதற்கு, ரயிலில் இத்தாலியைச் சுற்றிப் பார்க்க எட்டு நாள் பயணம் ஏற்பாடு செய்து, டிக்கெட்டுகளை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொடுத்தாள்.

"ரெண்டு பேரும் சேர்ந்து எங்கயாவது போயிருக்கீங்களா?" என்று கேட்டாள்.

"லூர்து போனோமே," என்றாள் நிவெஸ்.

"அது பஸ்ல, அம்மா. ஊர்ப் பாதிரியாரோட, அம்பது பேரோட."

மே மாதம் கிளம்பினார்கள். கலால்ட்சோ ரயில் நிலையத்தில் தண்டவாளம் முடிந்துவிடும். அங்கிருந்து எந்த ரயில் ஏறினாலும் கீழே போவதுதான். நான்தான் காரில் கொண்டுபோய் விட்டேன். ஒரெஸ்தே இரண்டு பெட்டிகளையும் மேலே தூக்கி வைத்துவிட்டு, அவளுக்கு எதிர் இருக்கையில் உட்காராமல், வழிக்கு அப்பால் இருந்த இருக்கையில் போய் உட்கார்ந்தார். பிறகு என்னைப் பார்த்ததும் எழுந்து மாறி உட்கார்ந்தார்.

வெனிஸில் இரண்டு நாள். எங்கே போவது என்று யாரும் சொல்லவில்லை. "உனக்குப் பார்க்கணும்னா போலாம்" என்பார் அவர். "எனக்கு எப்படின்னாலும் சரி" என்பாள் இவள். அப்படியே புளோரன்ஸுக்குப் போய், படங்கள் வைத்திருக்கும் கூடத்தின் வாசலில் வெயிலில் இரண்டரை மணி நேரம் வரிசையில் நின்றார்கள். உள்ளே போனதும் ஒரெஸ்தே ஜன்னலோரம் நின்று ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். நிவெஸ் உட்கார இடம் தேடினாள். அவருக்காக என்று அவளும், அவளுக்காக என்று அவரும் அவ்வளவு நேரம் நின்றிருந்தார்கள்.

பாலத்தருகே ஒரு ஜெர்மன் தம்பதி தங்களைப் படம் எடுத்துத் தரச் சொன்னார்கள். ஒரெஸ்தே கேமராவை வாங்கிக்கொண்டு அவர்களிடம் ஜெர்மனில் ஏதோ சொன்னார். அவர்கள் சிரித்தார்கள். அவரும் வயிறு குலுங்கச் சிரித்துக்கொண்டு கால் மணி நேரம் பேசினார். நிவெஸ் கைப்பையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள். இந்த மனிதர் இப்படிச் சிரிப்பார் என்பதே அவளுக்குத் தெரியாது.

"அவங்ககிட்ட என்ன பேசினே?" என்று கேட்டாள், அவர்கள் போன பிறகு.

"சும்மா. மழையைப் பத்தி," என்றார்.

அடுத்த நாள் ரோமுக்குப் போகும் ரயிலில் அது நடந்தது. மெதுவாகப் போகிற வண்டி. ஒர்வியெத்தோவில் சிக்னல் கிடைக்காமல் சற்று நேரம் நிற்கும் என்று அறிவித்தார்கள். நிவெஸ் பேச்சுக்கு, "ஒரு காபி கிடைச்சா நல்லாயிருக்கும்" என்றாள். ஒரெஸ்தே உடனே எழுந்தார். இன்னது செய் என்று ஒரு வேலை கையில் கிடைத்தால் அவருக்கு நிம்மதி. கோட்டு இருக்கையிலேயே கிடந்தது. கைப்பேசி அதன் பையில்.

கதவுகள் மூடிக்கொண்டபோது அவர் காபிக் கடை வாசலில் இருந்தார், இரண்டு கையிலும் மூடி போட்ட கோப்பைகளோடு. நிவெஸ் எழுந்து கண்ணாடியைத் தட்டினாள். வண்டி இன்னும் நகரவில்லை. கார்டு தன் கதவை மட்டும் திறந்து வைத்துப் படியில்தான் நின்றுகொண்டிருந்தார். ஓடி வந்து கை காட்டியிருந்தால் திறந்திருப்பார். ஒரெஸ்தே ஓடவில்லை. நின்ற இடத்திலிருந்தே அவளைப் பார்த்தார். அவர் முகத்தில் பதற்றம் இல்லை என்பதை அவள் கவனித்தாள். வண்டி நகர்ந்தது.

"முதல்ல பதறித்தான் போனேன்," என்று நிவெஸ் பின்னால் என்னிடம் சொன்னாள். "எதிர்ல உட்கார்ந்திருந்த பொம்பளை, 'கவலைப்படாதீங்கம்மா, அடுத்த வண்டியில வந்துடுவார்'னா. நானும் ஆமான்னேன். அப்புறம் என் பையை எடுத்து அவர் சீட்டுல வச்சேன். காலை நீட்டிக்கிட்டேன். டினா, அந்த ஒண்ணேகால் மணி நேரம் எவ்வளவு சுகமா இருந்துச்சு தெரியுமா. அதை நினைச்சுத்தான் அழுகை வந்துச்சு."

ரோமில் இறங்கி அடுத்த வண்டிக்காகக் காத்திருந்தாள். இறங்கியவர்களில் அவர் இல்லை. விடுதிக்குப் போய்ப் பெட்டிகளை வைத்தாள். "என் வீட்டுக்காரர் வருவார்" என்று வரவேற்பில் இருந்தவனிடம் சொல்லிவிட்டு வெளியே வந்தாள். விடுதி இருந்த தெருவின் பெயரை மாரா அவர்கள் இருவரையும் மனப்பாடம் செய்ய வைத்திருந்தாள். அதனால் தொலைந்துபோகிற பயம் இல்லை.

மதியம் முழுக்கத் தனியாக நடந்தாள். நின்றுகொண்டே எண்ணெய்ப் பலகாரம் தின்றாள். மாரா எழுதிக் கொடுத்த இடங்களில் ஒன்றுக்கும் போகவில்லை. ஒரு கடையின் கண்ணாடிப் பெட்டியில் எங்கள் தொழிற்சாலை பிரேம் இருப்பதைப் பார்த்து உள்ளே போனாள். பச்சை நிறம், பக்கவாட்டில் பித்தளைப் புள்ளி. நாங்கள் மூன்று வருடம் பூட்டியது அது. கடைக்காரப் பெண் போட்டுப் பார்க்கச் சொன்னாள்.

"உங்க முகத்துக்கே செஞ்ச மாதிரி இருக்கும்மா."

தான்தான் செய்தது என்று சொல்ல நிவெஸுக்கு வாய் வரை வந்தது. யாராவது கூட இருந்திருந்தால் சொல்லியிருப்பாள். நன்றி சொல்லிக் கழற்றிக் கொடுத்துவிட்டு வந்தாள்.

ஏழு மணிக்கு விடுதிக்குத் திரும்பினால் ஒரெஸ்தே வரவேற்பறை நாற்காலியில் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தார், மருத்துவரைப் பார்க்கக் காத்திருப்பவர் போல. சட்டையெல்லாம் கல்தூள்.

"சாப்பிட்டியா?" என்றார்.

"இல்ல. நீ?"

"இல்ல."

பக்கத்துச் சந்தில் ஒரு சாப்பாட்டுக் கடை. ஆர்டர் கொடுத்த பிறகு நிவெஸ் ரொட்டியைப் பிய்த்தபடியே பேச்சை எடுத்தாள்.

"நீ ஓடி வரல."

"வரல."

"ஓடியிருந்தா ஏறியிருக்கலாம்."

"ஏறியிருக்கலாம்." ஒயினை இருவருக்கும் ஊற்றினார். "அதுக்கப்புறம் மூணு வண்டி போச்சு. அதுலயும் ஏறல."

"நான் ஒரு வண்டிக்குத்தான் காத்திருந்தேன்," என்றாள் அவள்.

அவர் தலையாட்டினார். கோபப்படவில்லை. அந்த ஊரில் பாறையைக் குடைந்த ஒரு பழைய கிணறு இருப்பதாகவும், அதற்குள் இறங்கியதாகவும் சொன்னார். இருநூற்று நாற்பத்தெட்டுப் படி. மேலே மிருதுவான கல், அதனால் அப்படியே வெட்டிவிட்டார்கள். கீழே களிமண், நிற்காது, அதனால் செங்கல் வைத்துக் கட்டியிருக்கிறார்கள். சுவரை எந்த இடத்தில் எப்படித் தாங்கவிட்டிருக்கிறார்கள் என்பதை உப்புக் குப்பியையும் கத்தியையும் வைத்து மேசை மேல் காட்டினார். கையெல்லாம் உயிர் வந்திருந்தது. முப்பத்தெட்டு வருடம் அவர் செய்த வேலை என்ன என்பதை அன்றைக்குத்தான் அவள் பார்த்தாள்.

"இதெல்லாம் நீ சொன்னதே இல்ல."

"நீ கேட்டதில்ல. நானும் உன் தொழிற்சாலையைக் கேட்டதில்ல."

கொஞ்ச நேரம் சாப்பிட்டார்கள். பிறகு நிவெஸ் சொன்னாள்: "ஒண்ணு சொல்றேன். நீ ஆகஸ்ட்ல வருவியே, இருபதாம் தேதி ஆச்சுன்னா நீ பெட்டியைக் கட்ட ஆரம்பிப்பே. எனக்கு அப்பதான் மூச்சு விட முடியும். வருஷா வருஷம் அப்படித்தான். யார்கிட்டயும் சொன்னதில்ல."

"எனக்குத் தெரியும்," என்றார் ஒரெஸ்தே.

"எப்படித் தெரியும்?"

"அன்னைக்கு மட்டும் துணி மடிக்கும்போது பாடுவே."

அவள் முள்கரண்டியைக் கீழே வைத்தாள்.

"வருத்தப்படாதே," என்றார். "எனக்கும் அதே கதைதான். வண்டி எல்லையைத் தாண்டினதும் சட்டையில மேல் பொத்தானைக் கழட்டி விடுவேன். வேலையாளுங்க தங்கற கொட்டகையில என் கட்டில், என் சுவர், ஞாயித்துக்கிழமை தனியா ஏதாவது ஒரு ஊருக்கு ரயில் ஏறிப் போய்ட்டு வருவேன். ஊரைப் பத்தி நினைக்கும்போது உன்மேல ரொம்பப் பிரியமா இருக்கும். வீட்டுக்கு வந்து படியேறினா என்ன பேசறதுன்னு தெரியாது."

"வேற யாராவது இருந்தாங்களா?"

"இல்ல. இருந்திருந்தா சொல்றதுக்குச் சுலபமா இருந்திருக்கும்."

"எனக்கும் இல்ல," என்றாள் நிவெஸ்.

தட்டெடுக்க வந்த பரிமாறுபவர் ரோம்காரர், வாய் சும்மா இருக்காது. "இந்த வயசுல தட்டைப் பார்க்காம ஒருத்தரை ஒருத்தர் பார்த்துப் பேசறவங்களை இந்தக் கடையில நான் பார்த்ததில்ல. புதுசா காதலிக்கிறீங்களா, இல்ல ரெண்டு பேர் வீட்டுலயும் தெரியாம வந்திருக்கீங்களா?" என்றார்.

ஒரெஸ்தே சிரித்தார். இந்த முறை அவளுக்குப் புரிகிற மொழியில். அவளும் சிரித்தாள். அந்தச் சிரிப்பு முடிந்ததும் இருவருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை.

மறுநாள் காலை அவரே சொன்னார்: "பகல்ல நீ உன் வழியில போ, நான் என் வழியில போறேன். சாயங்காலம் ஏழு மணிக்குச் சேர்ந்து சாப்பிடலாம். மாராகிட்ட சொல்ல வேண்டாம்." அவள் சரி என்றாள். ரோமில் மிச்சமிருந்த ஒரு நாளும், நேப்பிள்ஸில் இரண்டு நாளும் அப்படித்தான் கழிந்தன. சாயங்காலங்களில் பேச விஷயம் இருந்தது. அவர் பூமிக்கு அடியில் எங்கெல்லாம் இறங்க முடியுமோ அங்கெல்லாம் இறங்கினார். அவள் கடைத்தெருக்களிலும் சந்தையிலும் சுற்றினாள். இது நன்றாகத்தானே இருக்கிறது, இதில் அழ என்ன இருக்கிறது என்று தன்னையே கேட்டுக்கொண்டதாகச் சொன்னாள்.

கடைசி நாள் நேப்பிள்ஸில் கடற்கரைச் சாலையில் நடந்து கொண்டிருந்தபோது அவரைப் பார்த்தாள். தற்செயலாகத்தான். கடலைப் பார்த்துப் போட்டிருந்த கல்பெஞ்சில் உட்கார்ந்து, மடியில் காகிதத்தை விரித்து, மடித்த பீட்சாவைத் தின்றுகொண்டிருந்தார். தக்காளிச்சாறு வழிந்துவிடாமல் குனிந்து, பிள்ளைகள் தின்பதுபோல. தின்று முடித்து, காகிதத்தை நாலாக மடித்து, குப்பைத்தொட்டி எங்கே என்று தேடினார். பக்கத்தில் இல்லை. சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பிறகு கைகளை முழங்காலில் வைத்து வெறுமனே உட்கார்ந்திருந்தார். முப்பத்தெட்டு வருட ஞாயிற்றுக்கிழமைகள் இப்படித்தான் இருந்திருக்கும் என்று அவளுக்குத் தோன்றியது. பக்கத்தில் ஒரு ஆள் உட்கார இடம் இருந்தது.

இருபது அடி தூரம். கூப்பிட்டால் திரும்பியிருப்பார். எழுந்து இடம் விட்டிருப்பார், "உட்காருறியா?" என்று மரியாதையாகக் கேட்டிருப்பார். அந்த மரியாதையை நினைத்ததும் அவளால் கூப்பிட முடியவில்லை. கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு வந்த வழியே திரும்பி நடந்தாள்.

அன்று சாப்பாட்டின்போது அவர், "கடல் பக்கம் போனேன். நல்ல காத்து" என்றார்.

"அப்படியா?" என்றாள் அவள்.

ஊர் திரும்பி ஒரு மாதத்தில் ஒரெஸ்தே கீழ்த்தளத்தில் விறகு போடும் அறையைச் சுத்தம் செய்து, வெள்ளையடித்து, கட்டில் போட்டுக்கொண்டார். மாராவுக்குக் கோபம். என்னிடம் போன் செய்து, "ரெண்டு பேரும் பிரியறாங்களா? நீங்க கேட்டுச் சொல்லுங்க" என்றாள். நான் போய்க் கேட்டேன்.

நிவெஸ் பீன்ஸ் உரித்துக்கொண்டிருந்தாள். "பிரியறதுக்கு முன்னாடி சேர்ந்திருக்கணும்ல," என்றாள். கசப்பில்லாமல்தான் சொன்னாள். "ராத்திரி சாப்பிட மேல வர்றார். பேசறோம். போன வருஷத்தைவிட நல்லாத்தான் இருக்கோம், டினா."

கீழே ஒரெஸ்தே இருமுகிற சத்தம் கேட்டது. அவருக்குத் தூசி நெஞ்சில் தங்கிவிட்டது, அந்த வேலை செய்த எல்லோருக்கும் அப்படித்தான். நிவெஸ் கையை நிறுத்தி, இருமல் அடங்கும்வரை தரையைப் பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். எழுந்து போகவில்லை. அடங்கியதும் மறுபடி உரிக்கத் தொடங்கினாள்.