அப்பாவுக்கு ஒரு சின்ன விபத்து தேவை

1

இந்தக் கதை ஒரு போன் அழைப்பில் பிறந்தது. அழைத்தவர் எங்கள் காருக்கு இன்சூரன்ஸ் போடும் ஏஜென்ட்.

"மேடம், வண்டி ஒண்ணு. ஓட்டுறவங்கள்ல ஒருத்தருக்கு எழுபத்தெட்டு, இன்னொருத்தருக்குப் பத்தொன்பது. ரெண்டு பேரையும் வச்சா பிரீமியம் எங்கயோ போயிடும். யாராவது ஒருத்தர் பேரை எடுத்துடுங்க. வெள்ளிக்கிழமை கூப்பிடறேன்."

தோட்டத்தில் களை பிடுங்கச் சொல்வதுபோல் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

எழுபத்தெட்டு என் அப்பா. பத்தொன்பது என் மகள். நடுவில் திருதிருவென்று விழிப்பவள் நான். வண்டி என் பெயரில் இருக்கிறது. எனக்கோ சைக்கிள்கூட ஒழுங்காக வராது. ஆனால் எனக்கு ஒரு சாமர்த்தியம் உண்டு. வீட்டில் பேசியே தீர வேண்டிய விஷயம் ஏதாவது வந்தால், பேசாமல் உட்கார்ந்து கதை எழுத ஆரம்பித்துவிடுவேன்.

2

முதல் தொடக்கம்: 'அந்தி மயங்கும் வேளையில் அந்த முதியவர் தன் வாகனத்தை...'

(சே! அந்தி மயங்கினால் அப்பா வண்டியைத் தொடவே மாட்டார். எதிர் வெளிச்சம் கூசுகிறது என்பார். அடித்துவிட்டேன்.)

இரண்டாம் தொடக்கம்: 'விடியுமுன்பே அந்த இளம்பெண் சாவியை எடுத்துக்கொண்டு...'

(இது நிஜம். மகள் ஆஸ்பத்திரியில் நர்ஸ் பயிற்சியில் இருக்கிறாள். காலை ஷிப்டுக்கு அந்த நேரத்தில் பஸ் கிடையாது. ஆனால் இப்படித் தொடங்கினால் நீங்கள் உடனே அவள் பக்கம் சாய்ந்துவிடுவீர்கள். ஓரவஞ்சனை கூடாது.)

அப்பா பக்கத்தையும் கேளுங்கள். அவருக்கு மூன்று சிநேகிதர்கள். ஒருவர் முழங்கால்காரர். இன்னொருவர் கண் ஆபரேஷன்காரர். மூன்றாமவர் காதில் மெஷின் மாட்டிக்கொண்டு எதற்கெடுத்தாலும் "ஹலோ?" என்பதால் 'ஹலோ' என்றே பெயர் வாங்கியவர். மூவரும் வண்டி ஓட்டுவதை எப்போதோ விட்டாயிற்று. மத்தியானமானால் அப்பா வீடு வீடாகப் போய் அவர்களை அள்ளிப் போட்டுக்கொண்டு சங்கத்துக்குச் சீட்டாடப் போவார். அப்பா சாவியை வைத்துவிட்டால் நான்கு கிழவர்களும் வீட்டோடு கிடக்க வேண்டியதுதான்.*

* 'கிழவர்' என்ற சொல்லுக்கு ஹலோ கடும் ஆட்சேபம் தெரிவிப்பார். அந்த ஒரு சொல் மட்டும் அவருக்கு மெஷின் இல்லாமலே கேட்கும்.

3

யார் பெயரை எடுத்தாலும் கதைக்கு ஒரு நியாயம் வேண்டுமே! ஆகவே அப்பாவுக்கு ஒரு சின்ன விபத்து தேவைப்பட்டது. யாருக்கும் அடிபடக் கூடாது. சாவியை வாங்க ஒரு சாக்கு கிடைத்தால் போதும்.

அந்த மனுஷன் இடம் கொடுத்தால்தானே? நடந்து போகிறவர்கள் முந்திப் போகும் வேகத்தில் ஓட்டுகிறார். பின்னால் யாராவது ஹாரன் அடித்தால், "அவசரம்னா மேல பறந்து போடா" என்கிறார். அதையும் கண்ணாடியை ஏற்றிக்கொண்டுதான் சொல்கிறார். 'திடீரென்று கண் இருட்டிக்கொண்டு வந்து...' என்று ஒரு வரி எழுதினேன். அதை முடிக்கவில்லை.

கடைசியில், கைவசம் இருந்த ஒன்றை எடுத்தேன். போன மாதம் மகள் ரிவர்ஸ் எடுக்கும்போது எங்கள் வீட்டுக் கேட்டை இடித்தாள். கேட் கோணிக்கொண்டது. அவள் பயந்துபோய் ஸ்டியரிங்கை விட்டுவிட்டு ஓவென்று அழுதாள். அந்த இடியை அலுங்காமல் தூக்கி அப்பா கணக்கில் எழுதினேன். அழுகையை மட்டும் எடுத்துவிட்டேன். பத்தி அருமையாக வந்தது, அதுதான் கொடுமை.

4

எழுதிய பக்கங்களைச் சாப்பாட்டு மேசையில் போட்டுவிட்டுக் குளிக்கப் போனேன். திரும்பி வந்தால், அப்பா மூக்குக் கண்ணாடியும் கையுமாக அதைப் படித்துக்கொண்டிருக்கிறார். (இது கதை இல்லை. வீட்டில் நடந்தது.)

"ஏம்மா, நான் எப்ப கேட்டை இடிச்சேன்?"

"அது கதைப்பா."

"கேட்டு நம்ம கேட்டுதானே? பாப்பா இடிச்சதைத் தூக்கி என் தலையில கட்டியிருக்கே. எதுக்கு?"

முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. ஏஜென்ட் சொன்னதை அப்படியே கொட்டிவிட்டேன். அப்பா பக்கங்களை அடுக்கி, விளிம்பைத் தட்டிச் சரிசெய்துகொண்டே கேட்டார்.

"அவ பேரை எடுத்தா அந்த இருட்டுல எப்படிப் போவா?"

"தெரியலப்பா."

"அப்ப இது இப்படியே இருக்கட்டும். என் பேரை எடுத்துடு. ஏஜென்ட் ஏன்னு கேட்டான்னா, கிழவன் கேட்டை இடிச்சுட்டான்னு சொல்லிடு. சின்னப் பொண்ணு, அவ பேர் கெட வேணாம்."

"அது பொய்யாச்சேப்பா!"

"நீதானே எழுதினே? நானா எழுதினேன்?"

"அப்ப உங்க சீட்டாட்டம்?"

"விடு. அந்த முழங்காலை வண்டியில ஏத்தி இறக்கறதுக்குள்ள எனக்கு இடுப்பு போயிடுது" என்று சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. "ஒரே ஒரு வரியை மட்டும் எடுத்துடும்மா. பயந்துபோய் ஸ்டியரிங்கை விட்டுட்டான்னு எழுதியிருக்கே. நான் விடமாட்டேன்."

அந்த வரியை அடித்தேன். அடிக்கும்போது அழுதுவிட்டேன். இதை நாசூக்காகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

5

இனி முடிவு.

ஒன்று: அப்பா பெயரை எடுக்கிறேன். மறுநாள் மத்தியானம் ஹலோ சட்டையை மாட்டிக்கொண்டு வாசலில் நின்று... (வேண்டாம். என்னால் அவரை அங்கே நிற்கவைக்க முடியாது.)

இரண்டு: மகள் பெயரை எடுக்கிறேன். அவளிடம் லேசாக வாயெடுத்ததுமே, "தாத்தாவையே வச்சுக்கோம்மா. நான் ஹாஸ்டலுக்குப் போயிடறேன்" என்றாள். தாத்தாவுக்கும் பேத்திக்கும் இந்த விஷயத்தில் மட்டும் அப்படி ஒரு ஒற்றுமை! இருவரும் விட்டுக்கொடுத்தால் நான் யாரிடம்தான் சண்டை போடுவது?

மூன்று: இருவரையும் வைத்துக்கொண்டு, கதை எழுதிய காசில் பிரீமியம் கட்டுகிறேன். (மாயாஜாலக் கதை எனக்கு வராது.)

போன் அடிக்கிறது. ஆமாம், இன்றைக்கு வெள்ளிக்கிழமை.

"மேடம், முடிவு பண்ணிட்டீங்களா? யார் பேரை எடுக்கட்டும்?"

இந்தாருங்கள், போனைப் பிடியுங்கள். இவ்வளவு தூரம் கூடவே வந்தீர்கள், இருவரையும் உங்களுக்குத் தெரியும். நீங்களே சொல்லிவிடுங்கள். யார் பெயரைச் சொன்னாலும் கொஞ்சம் மெதுவாகச் சொல்லுங்கள். பக்கத்து அறையில் அப்பா டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டார்.