தேயிலைப் பெட்டியும் பேஸ் கிற்றாரும்

கிற்றார் என்றால் எல்லாருக்கும் தெரியும். பேஸ் கிற்றார் என்றால் ஒருவருக்கும் தெரியாது. "ஆறு கம்பியில ரெண்டு அறுந்து போச்சோ?" என்று கேட்பார்கள். நாலு தடித்த கம்பி, பாட்டுக்கு அடியில் முழங்கும், அது இல்லாவிட்டால் பாட்டு காற்றில் பறக்கும் என்று நான் விளக்கி முடித்ததும், "அப்பிடி ஒண்டும் கேக்கேல்லையே" என்பார்கள். அவர்கள் சொன்னது உண்மை. அதுதான் எனக்கு எரிச்சலைக் கிளப்பியது.

எண்பத்து மூன்றாம் ஆண்டுக் கதை இது. யாழ்ப்பாணத் தீவுப்பகுதியில் சுருவில் என்ற ஊரில் எங்கள் இசைக்கோஷ்டியில் ஏழு பேர். தலைவர் பாலசிங்கம் மாஸ்டர். பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிப்பார், மேடையில் எலெக்ரிக் ஓர்கன் வாசிப்பார், இரண்டு இடத்திலும் ஒரே முகம்தான். வேலணை, மண்கும்பான், சாட்டி என்று கலியாண வீடு, சாமத்திய வீடு எங்கே போனாலும் ஒலிபெருக்கி என்று கிடைப்பது பூவரச மரத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கர்தான். அந்தக் குழாய்க்குள் பாட்டுக்காரனின் குரல் போகும், ஓர்கன் போகும், பாட்டுக்காரன் தடிமனில் மூக்கை உறிஞ்சினால் அதுகூட ஊர் முழுக்கக் கேட்கும். என் பேஸ் மட்டும் போகாது. கனத்த சத்தத்துக்கு அந்தக் குழாய் படைக்கப்படவில்லை. இப்படி இரண்டு வருடம் வாசித்தேன். கேட்டவர்களுக்கும் கேட்கவில்லை, எனக்கும் கேட்கவில்லை. விரலை நம்பித்தான் வாசித்தேன்.

பங்குனியில் ஒருநாள் மாஸ்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"நடராசா, உயிர்த்த ஞாயிறு கழிய நெடுந்தீவில ஒரு கலியாணம். வள்ளத்தில சாமானோட ஆறு பேருக்குத்தான் இடம்."

"நாங்கள் ஏழு பேரல்லோ மாஸ்டர்?"

"அதுதான் யோசிக்கிறன். குறை நினைக்காதையும். உம்மை விட்டிட்டுப் போனாலும் ஒருத்தருக்கும் தெரியப் போறேல்லை."

குறை நினைக்காமல் வேறு என்னத்தை நினைப்பது? நான் சத்தம் போட்டேன். அவர் கணக்கு வாத்தியார், சத்தத்துக்கு அசையவில்லை. கடைசியில் ஒரு வழி சொன்னார். பேஸுக்கென்று ஒரு தனி அம்பிளிபயர் கொண்டு வந்தால் நெருக்கிப் பிடித்து ஏற்றிக்கொள்வார். அங்கே சனத்துக்குக் கேட்டால் நான் கோஷ்டியில் இருப்பேன். கேட்காவிட்டால் அதுவே கடைசி.

நான் கூட்டுறவுச் சங்கக்கடையில் கிளாக்கர். கையில் இருந்தது ஆயிரத்து இருநூறு ரூபா. அடுத்த சனிக்கிழமை பஸ் ஏறி யாழ்ப்பாணம் போனேன். இசைக்கருவிக் கடையில் பேஸுக்கென்றே செய்த அம்பிளிபயர் ஒன்று நின்றது. இருந்தது என்று சொல்ல மனம் வரவில்லை, ஆள் மாதிரி நின்றது. அதைத் தூக்க இரண்டு பேர் வேண்டும், வழி விடச் சொல்லிக் கத்த மூன்றாவது ஆள் வேண்டும். விலையைக் கேட்டேன். கேட்டபடியே வெளியே வந்துவிட்டேன்.

எங்கள் ட்ரம்ஸ்காரன், தன் மைத்துனர் சவூதியிலிருந்து கொண்டுவந்த அம்பிளிபயர் ஒன்று இருக்கிறது என்றான். போனேன். சோற்றுப் பெட்டி அளவு, ஒரு விரலில் தூக்கலாம். ஆசை ஆசையாக வயரைச் செருகித் தடித்த கம்பியைத் தட்டினேன். மாரிகாலத் தவளை மாதிரிக் கத்தியது. இரண்டாம் தட்டுக்குத் தவளையும் செத்துவிட்டது. மைத்துனர் என்னைப் பார்த்த பார்வையில் அந்தப் பக்கமே நான் பிறகு போகவில்லை.

மிஞ்சியது வங்களாவடிச் சந்தியில் றேடியோ திருத்துகிற தம்பிஐயா அண்ணைதான். நான் கேட்டதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். பிறகு வெடித்தார்.

"சத்தம் பெருசா வேணும். பெரிய சத்தத்துக்குப் பெரிய ஸ்பீக்கர், அதுக்குப் பெரிய பெட்டி. ஆனா சைக்கிளில கட்ட வேணும், வள்ளத்தில ஏத்த வேணும், காசும் இல்லை! நான் என்ன பெட்டியை ஓலையிலயே பின்னுறது?"

ஓலை என்றதும்தான் எனக்கு மூளை வேலை செய்தது. சங்கக்கடைக்குத் தேயிலை வருகிற பெட்டி! மெல்லிய பலகை, பாரமே இல்லை, பின்கட்டில் நாலைந்து சும்மா கிடக்கின்றன. ஒன்றைக் கொண்டுவந்து முன்னால் வைத்தேன். அண்ணை அதைச் சுற்றிச் சுற்றித் தட்டிப் பார்த்தார். பழைய றேடியோகிராம் ஒன்றின் பெரிய ஸ்பீக்கரும், நொருங்கிய கார் ஒன்றில் கழற்றிய, சத்தத்தைக் கூட்டுகிற பூஸ்ரரும் அவரிடம் இருந்தன. உள்பக்கம் நாலு சட்டம் அடித்து இறுக்கினார்.

"இது கார்ச் சாமான். பற்றறியிலதான் வேலை செய்யும்," என்றார். "அதுவும் நல்லதுதான். ஆரின்ர வீட்டிலயும் கரண்டுக்குக் கெஞ்சத் தேவையில்லை."

பாரமில்லாத அம்பிளிபயர் கிடைத்தது. பெட்டியை ஒரு கையால் தூக்கலாம். ஆனால் அவர் தந்த கார்ப் பற்றறியைத் தூக்கிய பிறகு எந்தக் கையாலும் எதையும் தூக்க முடியாது. இதைச் சொன்னதும் அண்ணை, "நீர் பெட்டிதானே பாரமில்லாமல் கேட்டனீர்," என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தை அடக்கிக்கொண்டு பெட்டியைச் சைக்கிள் கரியரிலும் பற்றறியை உரப்பையில் போட்டு ஹாண்டிலிலும் கட்டி, சைக்கிளை வீடு வரை உருட்டினேன். பற்றறித் தண்ணீர் தெறித்து, இருந்த ஒரே நல்ல காற்சட்டையில் மூன்று ஓட்டை.

வீட்டில் வாசித்துப் பார்த்தேன். குசினியில் தட்டுகள் கிலுங்கின. பெட்டியின் இடுக்கில் இருந்து தேயிலைத் தூள் கொட்டியது. "நெஞ்சுக்குள்ள இடிக்குதப்பா, நிப்பாட்டுங்கோ!" என்று மனைவி சறோஜினிதேவி கத்தினாள். அவள் கத்தக் கத்த எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை.

கலியாணத்தன்று குறிகாட்டுவான் துறையில் மாஸ்டர் பெட்டியைப் பார்த்தார். "இது தேயிலைப் பெட்டியல்லோ காணும்?" என்றார். ஓம் என்றேன். ஏழு பேரும் நெருக்கியடித்து ஏறினோம். பற்றறிக்கு இடமில்லை, நெடுந்தீவு வரை என் மடியில்தான் இருந்தது.

கலியாண வீட்டில் கரண்ட் இல்லை. பெண்ணின் தாய் மதலேனா அக்கா, கடற்கரை மீன் வாடி ஒன்றில் ஜெனரேற்றரை இரவல் வாங்கி, சின்னக்குட்டி என்ற தன் தம்பியைக் காவல் வைத்திருந்தா. மெசினுக்கு ஏதும் நடந்தால் தானே பொறுப்பு என்ற பயத்தில் அந்த மனிதர் வேலிக்குப் பின்னால் அதன் பக்கத்திலேயே குந்தியிருந்தார்.

பூசை முடிந்து மாப்பிள்ளை பொம்பிளை பந்தலுக்கு வந்ததும் காலை பத்து மணிபோல் தொடங்கினோம். முதல் பாட்டிலேயே நிலம் அதிர்ந்தது. சனம் திரும்பிப் பார்த்தது. எனக்கு உச்சி குளிர்ந்தது. அவர்கள் பார்த்தது என்னை அல்ல, வேலிப் பக்கத்தை என்பது கொஞ்சம் பிந்தித்தான் விளங்கியது.

"சின்னக்குட்டி, மெசின் இடிக்குது, என்னெண்டு பார்!" என்று மதலேனா அக்கா கத்தினா.

சின்னக்குட்டியர் எண்ணெய் விட்டார். இரண்டாம் பாட்டுக்கு இன்னும் கூட இடித்தது. அவர் மெசினுக்கு அடியில் சாக்கைச் செருகினார், மூடியை இறுக்கினார், ஒன்றுக்கும் அது அடங்கவில்லை. பாட்டின் நடுவில் எழும்பிப் போய் அது மெசின் இல்லை, நான்தான் என்று சொல்ல முடியுமா? பல்லைக் கடித்துக்கொண்டு வாசித்தேன். இரண்டு வருடம் கேட்கவே இல்லை. கேட்கத் தொடங்கியதும் என்னை மெசின் என்கிறார்கள்.

மூன்றாம் பாட்டில் சரணம் தொடங்கும்போது சின்னக்குட்டியருக்குப் பொறுமை போய்விட்டது. மெசினை நிறுத்திவிட்டார்.

ஓர்கன் செத்தது. குழாய் செத்தது. ட்ரம்ஸ்காரன் தடியைத் தூக்கியபடி முழித்தான். பாட்டுக்காரன் மட்டும் மைக் செத்தது தெரியாமல் வெறும் குரலில் பாடிக்கொண்டிருந்தான். அவனுக்கு அடியில் என் தேயிலைப் பெட்டி முழங்கியது. நான் நிறுத்தவில்லை. ஏன் நிறுத்த வேண்டும்? அத்தனை சனத்துக்கு நடுவில் என்னை நானே கேட்டது அன்றுதான். கண்ணை மூடிக்கொண்டு வாசித்தேன்.

வேலிக்குப் பின்னாலிருந்து அலறல் வந்தது. "அக்கா! மெசினை நிப்பாட்டிப் போட்டன், ஆனா நிக்குதில்லை!"

ஓடிவந்த சின்னக்குட்டியர் என் விரலையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தார். பந்தலே சிரித்தது. மதலேனா அக்கா தலையில் கை வைத்தா.

"இது நீரோ தம்பி? மெசின் நிண்டு போகக் கூடாதெண்டு நான் மாதாவுக்கு நேர்ந்து போட்டனல்லோ!"

சின்னக்குட்டியர் மெசினை மீண்டும் கயிறு இழுத்து ஓடவைக்கப் போனார். அப்போதுதான் மாஸ்டர் என் பக்கம் வந்து நின்றதைக் கண்டேன்.

"இப்ப வாசிச்ச இடத்தைத் திருப்பி வாசியும்."

வாசித்தேன். பாட்டுக்காரனையும் கூடப் பாடச் சொன்னார். மறுபடியும் வாசித்தேன். அவர் தலையைச் சரித்துக் கேட்ட விதத்தில் என் நெஞ்சு விரிந்தது. ஒரு நல்ல சொல்லுக்கு இரண்டு வருடமாகக் காத்திருந்தவன் நான்.

"சரணத்தில நாங்கள் எல்லாரும் பஞ்சமத்துக்குப் போறம்," என்றார். "நீர் மத்திமத்திலயே நிக்கிறீர். எப்ப துவக்கம் இப்பிடி?"

தனியாக வாசிக்கும்போது எந்தச் சுரமும் சரியாகத்தானே கேட்கும்.

"துவக்கத்திலயிருந்தே, மாஸ்டர்."

"ரெண்டு வருசமா?"

"ஓம்."

அவர் ஓர்கனுக்குப் போய்விட்டார். மெசின் ஓடத் தொடங்கியது. மிச்சப் பாட்டையெல்லாம் எப்படி வாசித்தேன் என்று எனக்கே தெரியாது. மத்திமம் வருகிற இடமெல்லாம் விரல் கூசியது. கோஷ்டியில் என் கதை முடிந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். இந்தக் கோதாரி விழுந்த பெட்டியைச் செய்யாமலே இருந்திருந்தால் இன்னும் பத்து வருடம் நிம்மதியாகப் பிழையாக வாசித்திருப்பேனே!

பின்னேரம் வள்ளத்தில் பற்றறியை மடியில் வைத்துக்கொண்டு யார் முகத்தையும் பார்க்காமல் இருந்தேன். பாதிக் கடல் தாண்டியபின் மாஸ்டர் பேசினார்.

"வியாழக்கிழமை பழக வரேக்கை பெட்டியையும் கொண்டு வாரும். எல்லாப் பாட்டையும் முதலிலயிருந்து பாக்க வேணும்."

"பற்றறி சரியான பாரம், மாஸ்டர்."

"தூக்கிக்கொண்டு வாரும் காணும். இனி நீர் பிழை விட்டால் எல்லாருக்கும் கேக்குமல்லோ."