பேர் தெரியாதவர் கூப்பிடுகிறார்

பெரிய வீட்டு சுந்தரபாண்டி இறந்து, பதினாறாம் நாள் விசேஷமும் முடிந்த மறுநாள், உச்சி வெயிலில் கம்மாய்க்கரையில் நின்று கூப்பிட்டார்.

உயிரோடு இருந்தபோதும் அங்கே நின்றுதான் கூப்பிடுவார். கரைமேல் ஏறி, அவருடைய நிலத்தில் உழைக்கிற சனங்களின் தெருவைப் பார்த்து, அந்தச் சாதிக்கு அப்போது வழங்கிய சொல்லை ஓங்கி ஒரு தடவை சொல்வார். அந்தச் சொல்லை இங்கே எழுத மாட்டேன். ஒரு காலத்தில் பத்திரத்திலும் பள்ளிக்கூடத்திலும் கூச்சமே இல்லாமல் எழுதிய சொல்தான். பிறகு சர்க்கார் சட்டம் போட்டது. ஒரே நாளில் ஊரில் அத்தனை பேரும் அந்தச் சொல்லைத் தாங்கள் கேள்விப்பட்டதே இல்லை என்பதுபோல நடந்துகொண்டார்கள். சுந்தரபாண்டி மட்டும் நடிக்கவில்லை. சாகிறவரை அதே சொல்தான். "இந்தா வாரேன் சாமி!" என்று தெருவிலிருந்து ஓடி வருகிறவரும் அநேகமாக ஒருவர்தான். இருளாண்டி.

செத்த பிறகு கேட்ட குரலும் அதேதான். அதே செருமல், கடைசியில் அதே இழுப்பு. தாயில்பட்டிப் பக்கம் அந்த வருஷம் மழை இல்லை. கம்மாய் வெடித்துக் கிடந்தது. குரல் அந்த வெடிப்புகளுக்குள் இறங்கி, ஏறி, தெருவுக்குள் வந்தது. கரையில் ஆள் இல்லை. மேய்ந்துகொண்டிருந்த ஆடுகள் மட்டும் தலையைத் தூக்கி, ஆள் நிற்க வேண்டிய இடத்தைப் பார்த்தன.

செத்தவர் கூப்பிட்டால் பதில் சொல்லக் கூடாது, சொன்னால் கூடவே போக வேண்டியதுதான் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. தெருவில் யாரும் வாயைத் திறக்கவில்லை. இருளாண்டியின் வாயையும் யாரும் குறை சொல்ல முடியாது, அது மூடித்தான் இருந்தது. உடம்புதான் கேட்கவில்லை. தோளில் கிடந்த துண்டு இடுப்புக்கு வந்துவிட்டது. கால் பாதித் தெருவைக் கடந்துவிட்டது. மகள் வள்ளித்தாய் ஓடிப் போய்க் கட்டிப்பிடித்து இழுத்து வந்தாள்.

"என்னப்பா இது?"

"நான் போகலை தாயி. அது தானாப் போகுது."

மறுநாள் முதல் உச்சிப் பொழுதுக்குக் கொஞ்சம் முன்னாலேயே அவர் வாயில் ஒரு மடக்குத் தண்ணீரை ஊற்றி, விழுங்காமல் வைத்திருக்கச் சொன்னாள். தண்ணீர் இருக்கிற வாயால் 'வாரேன்' என்று சொல்ல முடியாது. குரல் வந்து அடங்கியதும் அவர் துப்புவார். அவளும் அப்போதுதான் மூச்சு விடுவாள்.

சுந்தரபாண்டியின் மகன் முத்துராமலிங்கம் பஞ்சாயத்துத் தலைவர். மதுரையில் ஒரு மாநாட்டுக்குப் போய் வந்ததிலிருந்து கதர் ஜிப்பாவும் 'அரிஜன சகோதரர்களே' என்ற சொல்லும் அவர் உடம்பைவிட்டு இறங்கவில்லை. சொல்லை மாற்றியதில் ஊரே அவரைப் பாராட்டியது. மாற்றியது அது ஒன்றைத்தான் என்பதை யாரும் பெரிதுபடுத்தவில்லை. டீக்கடைக் கூரையில் அந்தத் தெருக்காரர்களுக்கென்று தனியாகச் சிரட்டை தொங்கிக்கொண்டுதான் இருந்தது. அதற்கு மேலே சுண்ணாம்பில் 'அரிஜனங்களுக்கு' என்று மரியாதையாக எழுதிப்போட்டார்கள், அவ்வளவுதான்.

அவருக்கு இப்போது ஒரு சங்கடம். தெருவுக்கு 'அரிஜன காலனி' என்று பெயர்ப்பலகை திறக்கத் தாசில்தார் வருவதாக இருந்தது. பலகையில் காலனியின் பெயரைவிடத் திறப்பாளர், தலைவர் பெயர்கள் பெரிய எழுத்தில் இருந்தன. அப்பா அன்றைக்கும் கரையில் ஏறி, சட்டம் தடுத்த சொல்லைத் தாசில்தார் காதில் விழும்படி சொல்லிவைத்தால்? கோடாங்கியை அழைத்துக் குறி கேட்டார். கோடாங்கி உடுக்கையை அடித்துவிட்டு, "ஏவலுக்கு ஆள் கேக்காரு. கெடைக்கிற வரைக்கும் கூப்பிடுவாரு" என்றான்.

முத்துராமலிங்கம் நேராக இருளாண்டி வீட்டுக்கு வந்தார். வள்ளித்தாய் சாத்தூர் தீப்பெட்டி ஆபீஸுக்காகப் பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தாள். இருளாண்டி எழுந்து நின்றார்.

"நிக்காதீக, நிக்காதீக. நாமெல்லாம் ஒண்ணு" என்றார் முத்துராமலிங்கம், வாசலைத் தாண்டி உள்ளே வராமல். "ஒரு ஒத்தாசை, அரிஜன சகோதரரே. அப்பா கூப்பிடும்போது ஒரே ஒரு தரம் பதில் சொல்லிருங்க. போதும், போயிருவாரு."

"எங்கப்பாவையும் கூட்டிக்கிட்டா?" என்றாள் வள்ளித்தாய்.

"அதெல்லாம் மூடநம்பிக்கை, தாயி."

"அப்ப கோடாங்கிகிட்ட எதுக்குப் போனீக?"

அவர் ஜிப்பாக் கையைச் சரிசெய்துகொண்டார்.

"மூடநம்பிக்கைதான, நீங்களே ஒரு சத்தம் குடுங்களேன்."

"என்னையா கூப்பிடுதாரு? உங்களைல்ல கூப்பிடுதாரு."

"எங்களைன்னா யாரை? எங்கப்பா பேரு என்ன, சொல்லுங்க பாப்போம்."

முத்துராமலிங்கம் கூரையைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். இந்த மனிதர் தூக்கி வளர்த்த பிள்ளைதான் அவர். தோளில் ஏறி உட்கார்ந்து திருவிழா பார்த்திருக்கிறார்.

"பேருல என்ன இருக்கு. இந்தக் காலனிக்கே உங்கப்பா பேரை வச்சிருவோம்."

"எந்தப் பேரை?"

அவர் போன பிறகுதான் இருளாண்டி உட்கார்ந்தார். பிறகு, "பெரியவரும் கேட்டதில்லை தாயி. நானும் சொன்னதில்லை" என்றார். ஒட்டிய பெட்டி ஒன்றை எடுத்து அடுக்கிவிட்டு, "பேரைச் சொல்லி ஒரு தரம் கூப்பிட்டிருந்தா, போயிருப்பேன்" என்றார். வள்ளித்தாய் செம்பில் தண்ணீர் இருக்கிறதா என்று எட்டிப் பார்த்தாள்.

விழாவன்று காலையிலேயே வரவேண்டிய தாசில்தார் உச்சிப் பொழுதுக்கு வந்து சேர்ந்தார். ஆபீசர்கள் நேரத்துக்கு வந்துவிட்டால் மரியாதை என்ன ஆவது? தெருவின் மூத்தவர் என்று இருளாண்டிக்கு மாலை போட்டு முன்வரிசையில் உட்கார்த்தியிருந்தார்கள். யார் ஏற்பாடு என்று சொல்ல வேண்டியதில்லை. வள்ளித்தாய் செம்போடு பக்கத்தில் உட்கார்ந்து, அவர் வாயில் தண்ணீரை ஊற்றினாள்.

முத்துராமலிங்கம் மைக்கைப் பிடித்தார். "அன்பார்ந்த அரிஜன சகோதர சகோதரிகளே! பழைய இழிசொற்கள் செத்துப் புதைந்துவிட்டன..."

கரையிலிருந்து பழைய இழிசொல் வந்தது.

மரத்திலிருந்த காக்காய்கள் சத்தமில்லாமல் எழும்பிப் போயின. தாசில்தார் பொதுவாகச் சிரித்துவைத்தார். இருளாண்டியின் கை மாலையைக் கழற்றிக் கீழே வைத்தது. துண்டு இடுப்புக்கு இறங்கியது.

மறுபடி வந்தது. இந்தத் தடவை கிட்டத்தில். இருளாண்டியின் கடைவாயில் தண்ணீர் ஒழுகியது. தொண்டை ஏறி இறங்கியது. வள்ளித்தாய் இரண்டு கையாலும் அவர் வாயைப் பொத்தினாள். மேடையில் முத்துராமலிங்கம் பேச்சை நிறுத்திவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். "சொல்லிருங்க... சொல்லிருங்க" என்று அவர் முணுமுணுத்ததை மைக் ஊருக்கெல்லாம் அறிவித்தது.

யாரும் பதில் சொல்லவில்லை. குரல் அடங்கியது. என்ன சொல்லிக் கூப்பிடுவதென்று கரையில் யாரோ யோசிப்பது போல இருந்தது. வாழ்நாளெல்லாம் ஏவல் செய்தவர்களில் ஒருத்தர் பேரையாவது தெரிந்துவைத்திருந்தால் யோசிக்க வேண்டியிருக்காது. கடைசியில், தெரிந்த ஒரே பேரைச் சொல்லிக் கூப்பிட்டார்.

"ஏலே, முத்துராமலிங்கம்!"

"இந்தா வாரேம்ப்பா!"

மைக்கில் ஒலித்தது பஞ்சாயத்துத் தலைவரின் குரல் இல்லை. அடிக்குப் பயந்த சின்னப் பையனின் குரல். சொல்லி முடித்த பிறகுதான் சொன்னது என்ன என்று அவருக்கே தெரிந்தது. முகம் சுண்ணாம்பாகிவிட்டது. இருந்தாலும் கால் நிற்கவில்லை. மேடையிலிருந்து இறங்கி, கூட்டத்தை விலக்கி, கரைமேல் ஏறி, அந்தப் பக்கம் இறங்கினார். ஆட்கள் ஓடிப்போய்ப் பார்த்தபோது கருவேல மரத்தடியில், யார் முன்னாலோ கைகட்டி உட்கார்ந்தவர் மாதிரி உட்கார்ந்தபடியே செத்திருந்தார். மாரடைப்பு என்றார் டாக்டர். தாசில்தார் பலகையைத் திறக்காமலே போய்விட்டார்.

முத்துராமலிங்கத்துக்கும் பதினாறாம் நாள் வந்தது, போனது. இனித் தொல்லை இல்லை என்று தெரு நம்பியது. மறுநாள் இருளாண்டி வாயில் தண்ணீர் இல்லாமல் வாசலில் உட்கார்ந்திருந்தார்.

உச்சியில் முதலில் பழைய குரல், பழைய சொல். மகன் வந்து சேர்ந்தும் பெரியவருக்கு ஏவல் வேலை நடக்கவில்லை போலிருக்கிறது. ஏவத் தெரிந்தவர்கள் இரண்டு பேர் ஆகிவிட்டார்கள், அவ்வளவுதான். இருளாண்டி வாசல் நிலையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். இந்தத் தடவை கால் அசையவில்லை.

அடுத்தாற்போல் இன்னொரு குரல் தொண்டையைச் செருமிக்கொண்டது.

"அன்பார்ந்த அரிஜன சகோதர சகோதரிகளே!"

தெருவில் ரெண்டு பேர் சிரித்தார்கள். செத்த பிறகும் மேடைப் பேச்சை விட மாட்டாரோ என்று ஒருத்தன் கேட்டான். இருளாண்டிக்கும் சிரிப்பு வந்தது. இந்தச் சொல்லுக்கு அவர் உடம்பில் எந்தச் சத்தமும் இல்லை. அவர் காலத்துச் சொல் இல்லை இது.

சிரித்துக்கொண்டே மகளைத் திரும்பிப் பார்த்தார்.

வள்ளித்தாய் மூன்றாவது வரை படித்தவள். சிலேட்டும் துணியும் கொடுக்கிற நாளில் வாத்தியார் மற்ற பிள்ளைகளை உட்காரவைத்துவிட்டு, "அரிஜனப் பிள்ளைக மட்டும் எந்திரிங்க" என்பார். வாத்தியார் ரொம்ப நல்லவர். ஒரு நாளும் வேறு சொல் சொன்னதில்லை.

அவள் எழுந்து நின்றுகொண்டிருந்தாள். கைகள் இரண்டும் முன்னால் நீண்டிருந்தன. உதடு பிரிந்துகொண்டிருந்தது.